குளிரில் ஊறிய மருந்துப் பைகள்

ஒரு பொருளைப் பாலைவனத்துச் சூட்டில் வைத்தால் என்ன ஆகும், பனி விழும் ஊரில் வைத்தால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள அந்தந்த ஊருக்குப் போக வேண்டியதில்லை. அந்தச் சூட்டையும் குளிரையும் ஓர் அறைக்குள் உண்டாக்கிவிடலாம். அப்படிப்பட்ட அறைகளைக் கட்டிக் கொடுப்பதும் பழுது பார்ப்பதும்தான் என் வேலை. மலேசியாவில், கோலாலம்பூரை ஒட்டிய ஸ்ரீ கெம்பாங்கானில், தகரக் கூரைப் பட்டறைகள் நெருங்கி நிற்கும் ஒரு தெருவில் எங்கள் கம்பெனி இருக்கிறது. கார் விளக்கு, ரப்பர் கையுறை, மாத்திரை என்று பலவற்றுக்கும் அறை கட்டியிருக்கிறோம். பீரங்கி வெடிமருந்துக்கு அறை கேட்டு ராணுவத்திலிருந்து வந்தது அந்த ஒருமுறைதான்.

கிள்ளானில் வீட்டில் இதைச் சொன்னபோது, தமிழ்ப்பள்ளி ஆசிரியரான என் கணவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"வெடிக்குமா?"

"அறை வெடிக்காது."

"நான் அறையக் கேக்கல."

எனக்கும் அப்போது பெரிதாக ஒன்றும் தெரியாது. பரிசோதனைக்குப் பொறுப்பாக இருந்த மலாய் மேஜர்தான் முதல் சந்திப்பில் ஆங்கிலத்தில் பொறுமையாக விளக்கினார். பீரங்கிக் குண்டுக்குப் பின்னால் ஒரு மருந்துப் பையை வைக்கிறார்கள். அது எரியும்போது உண்டாகும் அழுத்தம் குண்டை வெளியே தள்ளுகிறது. மருந்து சூடாக இருந்தால் வேகமாக எரியும், குண்டு எண்ணிய இடத்தைத் தாண்டி விழும். குளிர்ந்திருந்தால் மெதுவாக எரியும், குண்டு முன்னாலேயே விழும். காலையில் சுட்ட அதே பீரங்கி அதே கோணத்தில் உச்சி வெயிலில் வேறு இடத்தில் போடும். அதனால் எந்தச் சூட்டில் எவ்வளவு வேகம் என்று முன்கூட்டியே சுட்டுப் பார்த்து வைத்துக்கொள்கிறார்கள். அதற்கு மருந்துப் பை வெளியில் மட்டுமல்ல, நடுப்பகுதி வரைக்கும் ஒரே சூட்டுக்கு வந்திருக்க வேண்டும். ஒரு நாளுக்கு மேல்கூட அறைக்குள் கிடக்க வேண்டியிருக்கும்.

"சூடு சரி. இந்த நாட்டில் குளிர் எங்கே இருக்கிறது?" என்று கேட்டேன்.

"எல்லாத் தட்பவெப்பத்தையும் தாங்கும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். தாங்குகிறதா என்று பார்ப்பது என் வேலை" என்றார் அவர்.

கப்பல் கொள்கலன் ஒன்றை வாங்கி, உள்ளே இரண்டு அறைகளாகத் தடுத்தோம். ஒன்று சூட்டுக்கு, ஒன்று குளிருக்கு. அதை டிரெய்லரில் ஏற்றி, நெடுஞ்சாலையில் தெற்கே வெகுதூரம் ஓட்டிப் போய், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு அப்பால் இருந்த சுடும் திடலின் ஓரத்தில் நிறுத்தினார்கள். அறை ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ள நான் அடிக்கடி அங்கே போய்வந்தேன்.

மருந்துப் பைகளைக் கையாளும் பொறுப்பில் இருந்த வாரண்ட் ஆபிசர் ஒரு தமிழர். ஐம்பதை நெருங்கும் வயது, ஓய்வுபெற அதிக காலம் இல்லை. முதல் நாள் நான் கொள்கலனைத் திறந்துகொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றார்.

"மிஸ், தமிழா?"

"ஆமாங்கண்ணே. கிள்ளான்."

"நாங்க பிரிக்பீல்ட்ஸ். அங்கதான் வீட்டுக்காரம்மா தையல் கடை வச்சிருக்காங்க. நான் லீவுக்கு லீவு போறவன்." சுவரில் இருந்த வெப்பமானிகளைப் பார்த்தார். "இது காட்டுறது காத்தோட சூடு. மருந்தோட சூடு?"

அதற்காக ஒரு போலிப் பை செய்து வைத்திருந்தேன். உள்ளே மருந்துக்குப் பதிலாக அதே கனமுள்ள வேறு பொருள், நடுவில் ஒரு வெப்ப உணரி. அதைக் காட்டினேன். கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சரி, இது நல்லா ஊறிருச்சின்னா மத்ததும் ஊறிருச்சின்னு அர்த்தம். கறி ஊறுற மாதிரிதான்" என்றார்.

அவர் வேலை செய்வதைப் பார்ப்பது எனக்குப் பிடித்திருந்தது. மருந்துப் பைகள் ஒவ்வொன்றும் நீளமான குழாய் டப்பாவுக்குள் வரும். அதை அவர் இரண்டு கையாலும் அடியில் தாங்கித் தூக்குவார். வைக்கும்போது சத்தம் வராது. மற்ற சிப்பாய்கள் பேசிக்கொண்டே தூக்கினால், "வாய் வேலை அப்புறம்" என்று மலாயில் சொல்வார். கோபமாகச் சொல்லமாட்டார். அவர்களும் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

சூட்டுப் பரிசோதனைதான் முதலில் நடந்தது. அதில் வேகங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. ஒரே அறையில், ஒரே நேரம் கிடந்த பைகள், ஆனால் குண்டுகளின் வேகம் முன்னும் பின்னுமாக இருந்தது. மேஜர் என்னைக் கூப்பிட்டு, அறையில் ஒரு மூலை சூடாகவும் ஒரு மூலை குறைவாகவும் இருக்கிறதா என்று கேட்டார். நியாயமான கேள்வி. மூலை மூலையாக உணரிகளைக் கட்டிப் பார்த்தேன். அறை சரியாகவே இருந்தது.

பிறகு போலிப் பையை மற்ற பைகளோடு சேர்த்து லோரியில் அனுப்பினேன். அறையிலிருந்து பீரங்கி இருக்கும் இடத்துக்குக் கொஞ்ச தூரம்தான். ஆனால் லோரி அங்கே போய், முறை வரும்வரை வெயிலில் நின்றது. மேலே தார்ப்பாய் இருந்தாலும் ஒரு பக்கத்து இரும்புத் தகடு கொதித்தது. முதலில் சுட்ட பையும் கடைசியில் சுட்ட பையும் ஒரே சூட்டில் இல்லை. சில பைகள் அறையின் சூட்டையும் தாண்டியிருந்தன. மேஜரிடம் காட்டியபோது அவர் தலையசைத்தார். தப்பு யாருடையது என்று அவர் கேட்கவில்லை. பைகளை எதில் வைத்துக் கொண்டுபோவது என்று மட்டும் கேட்டார்.

நான் கிள்ளான் பாசாரில் மீன் ஏற்றும் வெள்ளைத் தெர்மகோல் நுரைப் பெட்டிகளை வாங்கிக்கொண்டு போனேன். மேஜர் அவற்றைப் பார்த்ததும் வேண்டாம் என்றார். அந்த நுரை உரசினால் நிலைமின்சாரம் சேரும், மருந்துக்குப் பக்கத்தில் அது கூடாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்தான், அவசரத்தில் நினைவுக்கு வரவில்லை. கடைசியில் மரப்பெட்டி செய்து, உள்ளே கெட்டிப் பருத்தி மெத்தை வைப்பது என்று முடிவானது.

"மெத்தைய வீட்டுல தச்சுக் குடுப்பாங்க. நான் சொல்றேன்" என்றார் வாரண்ட் ஆபிசர் அண்ணன்.

அப்படித்தான் நான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அந்தக் கடைக்குப் போனேன். மாடியில் இரண்டு தையல் இயந்திரங்கள், சுவர் முழுக்க ரவிக்கைத் துணிகள். அண்ணனின் மனைவி என்னைவிடக் கொஞ்சம் பெரியவர், அக்கா என்றே கூப்பிட்டேன். மெத்தைகளைத் தைத்து அடுக்கிவைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் தையல் நெருக்கமாகவும் நேராகவும் இருந்தது.

"இதெல்லாம் எதுக்கும்மா? அவரு ஒண்ணும் சொல்லமாட்டாரு. கேட்டா ராணுவ ரகசியம்பாரு."

"வெயில் படாம இருக்கறதுக்குத்தாங்கக்கா. பெரிய ரகசியம் ஒண்ணும் இல்ல."

அவர் சிரித்தார். மெத்தைகளைக் கயிற்றால் கட்டிக்கொண்டே, "அவரப் பாத்தீங்கன்னா கனமானதெல்லாம் தூக்க விடாதீங்க. வலது கை மரத்துப் போகுதாம். தூக்கத்துல எந்திரிச்சி உக்காந்து கைய உதறிட்டு இருக்காரு. டாக்டர்கிட்ட போங்கன்னா, பென்ஷன் வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்ங்கறாரு" என்றார்.

நான் பேச்சுக்கு ஏதோ சொல்லிவிட்டு மெத்தைகளை வாங்கிக்கொண்டு வந்தேன். காரில் வரும்போது அது மனதில் ஓடியது. பிறகு திடலில் அவர் கைகளைக் கவனித்தேன். எப்போதும்போல இரண்டு கையும் டப்பாவின் அடியில்தான் இருந்தன. மரப்பெட்டியும் மெத்தையும் வந்த பிறகு வேகங்கள் ஒத்துவந்தன. அவருக்கு அதில் சந்தோஷம். மேஜரிடம், மெத்தை தைத்தது தன் மனைவி என்று அவர் மலாயில் சொன்னதை நானே கேட்டேன்.

அடுத்தது குளிர்ப் பரிசோதனை. குளிரில் வேறு தொல்லை. நன்றாகக் குளிர்ந்த டப்பாவை வெளியே எடுத்தால் நம் ஊர்க் காற்றில் உடனே வியர்த்துக் கொட்டும். ஈரம் பைத்துணிக்குள் இறங்கினால் மருந்து ஒழுங்காக எரியாது. அதனால் பீரங்கிக்குப் பக்கத்தில் போகும்வரை டப்பாவைத் திறக்கவே கூடாது. இன்னொன்றும் உண்டு. மேஜர் அன்று காலை எல்லாரையும் நிற்கவைத்துச் சொன்னார். குளிர்ந்த மருந்து கண்ணாடி மாதிரி. சாதாரணச் சூட்டில் கீழே விழுந்தால் ஒன்றும் ஆகாமல் போகலாம், ஆனால் குளிரில் உள்ளே இருக்கும் மருந்துத் துண்டுகள் விரிசல் விடலாம். கட்டையைவிடச் சுள்ளி சீக்கிரம் எரிவதுபோல, உடைந்த துண்டுகள் எல்லாம் ஒரேயடியாக எரியும். அப்போது அழுத்தம் பீரங்கி தாங்கும் அளவைத் தாண்டலாம். பீரங்கிக்குப் பக்கத்தில் ஆட்கள் நிற்பார்கள்.

அன்று பார்வையாளர்கள் வந்திருந்தார்கள். தலைநகரத்து அலுவலகங்களிலிருந்து சிலர், மருந்து விற்ற கம்பெனியின் ஆட்கள் சிலர். தூரத்தில் கூடாரம் போட்டு நாற்காலியும் சாப்பாடும் வைத்திருந்தார்கள். முதல் சில குண்டுகள் போயின. சத்தம் நெஞ்சில் வந்து இடிக்கும். ஒவ்வொரு தடவையும் எனக்குக் கண் மூடிக்கொள்ளும், கடைசிவரை அது பழகவில்லை.

நான் குளிரறையின் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சிப்பாய்கள் முந்தின பெட்டியை லோரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அண்ணன் மட்டும் உள்ளே போய் அடுத்த டப்பாவை எடுத்து வந்தார். வாசற்படியைத் தாண்டும்போது அவர் வலது கை, பிடித்திருந்த பொருள் திடீரென்று இல்லாமல் போனதுபோல, விரிந்தது. டப்பாவின் ஒரு முனை சரிந்து, கொள்கலனின் இரும்பு விளிம்பில் இடித்துத் தரையில் விழுந்தது. பெரிய சத்தமெல்லாம் இல்லை. தூரத்தில் இருந்த யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் குனிந்து டப்பாவைப் பார்த்தார். மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. ஒரு சின்ன நசுங்கல்கூட இல்லை. வெளியே இருந்து பார்த்தால் மற்றவற்றுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. ஈரம் மட்டும் முத்து முத்தாகப் பூத்துக்கொண்டிருந்தது.

"அண்ணே" என்றேன்.

"அதத் தொடாதீங்க மிஸ். தள்ளி நில்லுங்க."

அவர் கையுறையைக் கழற்றி, வலது கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மேஜர் இருந்த பக்கம் நடந்து போனார். நடையில் அவசரம் இல்லை. பேசியது எனக்குக் கேட்கவில்லை. மேஜர் கையை உயர்த்திச் சுடுவதை நிறுத்தியது மட்டும் தெரிந்தது. இருவரும் கொள்கலனுக்குத் திரும்பி வந்தார்கள்.

மேஜர் என்னிடம் கேட்டார். "நீங்கள் பார்த்தீர்களா?"

"பார்த்தேன்." எந்த உயரத்திலிருந்து, எந்த முனை இடித்தது என்று சொன்னேன்.

"கையுறை ஈரமாக இருந்ததா?"

"ஈரமாகத்தான் இருந்தது." அது உண்மை. குளிரறையிலிருந்து வருகிற எல்லாமே ஈரமாகத்தான் இருக்கும்.

மேஜர் அண்ணனைப் பார்த்தார். பல வருஷம் சேர்ந்து வேலை செய்தவர்கள். ஈரக் கையுறையால் நழுவியது என்று முடித்துக்கொள்ள அவர் ஒரு வழி விட்டுக் கொடுத்தார் என்று நினைக்கிறேன். அண்ணன் அந்த வழியில் போகவில்லை. மலாயில் ஐயா என்பதற்குச் சொல்லும் 'தூவான்' என்று மேஜரைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"கையுறை இல்ல தூவான். என் கை. கொஞ்ச மாசமா மரத்துப் போகுது. நான் சொல்லல."

மேஜர் டப்பாவைத் தொடாமல் குனிந்து பார்த்தார். பிறகு அன்றைய பரிசோதனையை நிறுத்திவிட்டார். அந்த ஒரு டப்பாவை மட்டும் ஒதுக்கிவிட்டு மற்றதைச் சுடக்கூடாதா என்று கூடாரத்திலிருந்து வந்த ஒருவர் கேட்டார். "கொஞ்ச மாசம் என்கிறார். இதற்கு முன்னால் எதுவும் இடிபட்டிருக்கிறதா என்று எனக்குத் தெரியாது" என்றார் மேஜர். அண்ணன் பக்கத்தில்தான் நின்றார். இல்லை, வேறு எதுவும் விழவில்லை என்று அவர் சொல்லியிருக்கலாம். நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார். பார்வையாளர்கள் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிப் போனார்கள். அண்ணனை அன்றைக்கே மருந்துப் பொறுப்பிலிருந்து மாற்றினார்கள்.

சில வாரம் கழித்து மேஜர் போன் செய்தார். வேறொரு வேலையாகப் பேசியவர், முடிக்கும்போது இதைச் சொன்னார். விழுந்த பையைத் தகுந்த இடத்தில் வைத்துப் பிரித்துப் பார்த்தார்களாம். இடித்த முனைப் பக்கம் சில துண்டுகள் நீளவாக்கில் பிளந்திருந்தன. மற்ற பைகளில் எடுத்துப் பார்த்தவை எல்லாம் முழுசாக இருந்தன.

"சுட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?" என்று கேட்டேன்.

"ஒன்றும் ஆகாமலும் போயிருக்கலாம். எனக்குத் தெரியாது" என்றார்.

அண்ணனைக் கோலாலம்பூரில் ஓர் எழுத்து வேலைக்கு மாற்றியிருந்தார்கள். மருத்துவக் குழுவுக்கு முன்னால் நிற்கவேண்டியிருந்தது. மணிக்கட்டில் நரம்பு அமுங்கியிருக்கிறது, அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்றார்களாம். இதெல்லாம் எனக்கு மெதுவாகத்தான் தெரிய வந்தது. போன் செய்ய நினைத்து நினைத்து விட்டுவிட்டேன். ஒரு சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸ் போயிருந்தபோது தையல் கடைக்கு ஏறிப்போனேன்.

அக்கா என்னைப் பார்த்ததும் இயந்திரத்தை நிறுத்தினார். உட்காரச் சொல்லவில்லை.

"நான் உங்கள ஒரு பொம்பளன்னு நெனச்சி மனசுல உள்ளத சொன்னேன்."

எனக்கு உடனே புரியவில்லை.

"அவரு கை மரத்துப் போகுதுன்னு உங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன். அதக் கொண்டுபோய் அங்க சொல்லிட்டீங்க. இத்தன வருஷம் நல்ல பேர் எடுத்த மனுஷன், கடைசி நேரத்துல கேள்வி கேட்டு நிக்க வச்சிட்டாங்க."

"அக்கா, நான் சொல்லல."

"அப்புறம் எப்படித் தெரியும்? அவரப் பத்தி அவரே போய்ச் சொல்லுவாரா? டாக்டர்கிட்டயே சொல்லாதவரு."

அவர் கேட்டதில் தப்பு சொல்ல முடியவில்லை. நான் அவர் இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். அண்ணன் தானாகச் சொன்னார் என்பதை நான் சொல்லலாமா, அது வீட்டுக்குத் தெரிய வேண்டும் என்று அவர் நினைக்கிறாரா என்று தெரியாமல் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அதை அக்கா ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார். துணியை மறுபடி ஊசிக்குக் கீழே வைத்தார்.

அப்போது அண்ணனே கையில் கட்டோடு படியேறி வந்தார். கடைக்குக் கீழே பால் விடாத தே ஓ டீ குடித்துக்கொண்டிருந்தாராம். என்னையும் அக்காவையும் பார்த்த உடனே என்ன நடந்திருக்கும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"இவங்கள ஏன் நிக்க வச்சிருக்க?"

அக்கா ஊசிக்குக் கீழே துணியை இழுத்து நேராக்கினார்.

"நான்தான் சொன்னேன், மேஜர்கிட்ட. இவங்க வாயே தொறக்கல. கையுறை ஈரம்னுதான் சொன்னாங்க."

"நீங்க ஏன் சொன்னீங்க?" அக்கா இயந்திரத்தைப் பார்த்தபடியே கேட்டார். "ஈரம்னே இருந்திருக்கலாம்ல. அவங்களே சொன்னாங்களே."

"அடுத்தத எடுக்க யாரு போவா? நான்தான போவேன். மறுபடி விழுந்தா?"

"விழாம இருந்திருக்கும்."

"இருந்திருக்கும்" என்று அண்ணன் ஒத்துக்கொண்டார்.

அக்கா கொஞ்ச நேரம் தைத்தார். பிறகு எழுந்து ஒரு நாற்காலியில் கிடந்த துணிகளை எடுத்துவிட்டு, "உக்காருங்கம்மா" என்றார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. என் முகத்தை மட்டும் அன்று அவர் பார்க்கவே இல்லை. கிளம்பும்போது அண்ணன் படிவரைக்கும் வந்தார்.

"மனசுல வச்சிக்காதீங்க தங்கச்சி. நான் வீட்டுல சொல்லியிருக்கணும்."

அதுவரை மிஸ் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

குளிர்ப் பரிசோதனை பிறகு வேறு ஆட்களோடு நடந்து முடிந்தது. எல்லாக் குண்டுகளும் கணக்கில் சொன்னபடியே குறைந்த தூரத்தில் விழுந்தன. பார்வையாளர்கள் மறுபடி வந்து கைதட்டினார்கள். கொள்கலனைத் திருப்பி ஸ்ரீ கெம்பாங்கானுக்குக் கொண்டுவந்து, கழுவி, இப்போது மின்கலங்கள் செய்யும் ஒரு கம்பெனிக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம்.

போன வருஷம், கிள்ளானுக்குத் தெற்கே தெலுக் பங்லிமா காராங் என்ற ஊரில் உறைந்த மீனும் கோழியும் வைக்கும் ஒரு கிடங்குக்குப் போனேன். ஒரு அறை குளிர் பிடிக்கவில்லை என்று கூப்பிட்டிருந்தார்கள். கிடங்குப் பாதுகாப்பைப் பார்க்கிறவர் வருவார் என்று காத்திருக்கச் சொன்னார்கள். கெட்டியான நீலச் சட்டையோடு வந்து நின்றவர் அண்ணன். தலை முழுக்க நரைத்திருந்தது.

அறையைப் பார்த்து முடித்ததும் எதிரே இருந்த மாமாக் கடையில், தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடையில், உட்கார்ந்தோம். பென்ஷன் வருகிறது, வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை, அதனால் இந்த வேலை என்றார். கை தேவலாம். மற்ற விரல்கள் சரியாகிவிட்டன, கட்டைவிரல் நுனியில் மட்டும் உணர்ச்சி திரும்பவில்லை. அக்கா இப்போது கல்யாணப் புடவை ரவிக்கைகள் மட்டும் தைக்கிறாராம். அந்த வருஷத் தைப்பூசத்துக்குப் பத்துமலையில் என்னைப் பார்த்ததாகவும், கூட்டத்தில் கூப்பிட முடியாமல் போனதாகவும் சொல்லியிருக்கிறார். நான் அந்த வருஷம் பத்துமலைக்குப் போகவே இல்லை. அக்கா சமாதானம் சொல்ல எடுத்த வழி அது என்று தோன்றியதால், அதை அண்ணனிடம் சொல்லவில்லை.

பிரித்துப் பார்த்ததில் துண்டுகள் பிளந்திருந்ததை மேஜர் அவரிடம் சொன்னாரா என்று கேட்டேன். சொன்னார் என்றார்.

"அது தெரிஞ்சப்ப நிம்மதியா இருந்துச்சா?"

"அப்படின்னு சொல்ல முடியாது. பிளக்காம இருந்திருந்தாலும் இதே கததான். பிளந்திருக்குன்னு கேட்டப்ப, அன்னிக்கு பீரங்கிகிட்ட யார் யாரு நின்னாங்கன்னு எண்ணிப் பாத்தேன், அவ்வளவுதான்." ரொட்டியைப் பிய்த்தார். "ரொம்ப நாள் யோசிச்சிட்டு இருந்தேன், ஈரம்னே விட்டிருந்தா என்னன்னு. நல்லா வழியனுப்பி வச்சிருப்பாங்க, விருந்தெல்லாம் போட்டு. இப்ப யோசிக்கறதில்ல."

"ஏன்ணே?"

"மறந்துட்டேன்லா. வேற என்ன."

கோழி ஏற்றிய லோரி ஒன்று கிடங்கு வாசலில் வந்து நின்று ஹார்ன் அடித்தது. அவர் கை கழுவிவிட்டு வந்தார். நான் காசு கொடுப்பதற்குள் கடைக்காரரிடம் தன் கணக்கில் எழுதச் சொல்லிச் சைகை காட்டிவிட்டுச் சாலையைக் கடந்து போனார். குளிர் பிடிக்காத அந்தக் கிடங்கு அறையில் கம்ப்ரெசர் மாற்ற வேண்டியிருந்தது. அடுத்த வாரம் வேறு ஒருவரை அனுப்பி மாற்றிக் கொடுத்தோம்.